காதுக்கு எட்டாத அதிர்வுக்கும் வரம்பு வேண்டும்

மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் திட்டத்தில் 508 கிலோமீட்டர் தடத்தில் மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம் இலக்கு. மகாராஷ்டிரத்தில் மலைகளைக் குடைந்தும் தாணே கழிமுகத்துக்கு அடியிலும் சுரங்கங்கள் அமைகின்றன. வண்டியின் வேகத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அந்தச் சுரங்க வாயில்களில் பிறக்கப்போகும் காற்றழுத்தத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

சைக்கிள் பம்பின் கைப்பிடியை அழுத்தினால் உள்ளே காற்று இறுகும். சுரங்கத்துக்குள் பாயும் வண்டியும் அப்படித்தான் முன்னிருக்கும் காற்றை இறுக்குகிறது. அந்த அழுத்த அலை ஒலியின் வேகத்தில், வண்டியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக ஓடி, வண்டிக்கு முன்பே மறுவாயிலில் வேட்டுச் சத்தத்துடன் வெளியேறுகிறது. 1975-இல் ஹகாதா நகர் வரை நீண்ட சான்யோ புல்லட் ரயில் தடத்தில் ஜப்பான் இதைப் பட்டுணர்ந்தது. தண்டவாளத்துக்கு அடியில் பரப்பும் ஜல்லியின் இடுக்குகள் அலையின் கூர்மையை மழுங்கச் செய்யும். அங்கே சுரங்கங்களில் ஜல்லிக்குப் பதிலாகப் போடப்பட்டிருந்த கான்கிரீட் பலகைகளோ அதைச் செய்யவில்லை. ஓட ஓட அலை கூர்மையாகி, வாயிலுக்கு அருகிலிருந்த வீடுகளின் கதவு ஜன்னல்களைக் கடகடக்கச் செய்தது. மும்பை தடத்துக்கும் அதே கான்கிரீட் பலகை முறைதான் தேர்வாகியிருக்கிறது.

‘நம் மலைச் சுரங்கங்கள் குட்டையானவை, அலை கூர்மையாக இடமில்லை’ எனலாம். பாதி உண்மை. அலையின் தொடக்கக் கூர்மையைத் தீர்மானிப்பது நுழையும் வேகம். வெளியேறும் அழுத்தம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும்; வேகம் இரட்டித்தால் அது எட்டு மடங்காகும். மலைச் சுரங்கங்களில்தான் வண்டி முழு வேகத்தில் நுழையும். ‘நீண்ட மூக்குள்ள வண்டி போதும்’ என்பாரும் உண்டு. 1997-இல் வந்த ஜப்பானின் 500 வரிசை வண்டிக்கு மூக்கு மட்டுமே 15 மீட்டர். அதற்கு விலையாக முதல் பெட்டியில் இருக்கைகள் குறைந்தன. ஜப்பான் மூக்கை மட்டும் நம்பாமல், பக்கவாட்டில் துளைகள் வைத்த முகப்புக் கூடுகளையும் வாயில்களில் கட்டியது.

செலவு ஏறும் என்பது அடுத்த ஆட்சேபம். ஆனால் தடத்தைத் திறந்த பிறகு கூடு கட்டுவதே பெருஞ்செலவு. ஓடும் தடத்தில் வேலை செய்ய இரவில் சில மணி நேரமே கிடைக்கும். ஜெர்மனியின் காட்சென்பெர்க் சுரங்கத்தில் 2012-இல் திறப்பதற்கு முன்பே இந்த வேட்டுச் சத்தத்தைத் தணிக்கும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன.

கூடு கட்டினால் மட்டும் போதுமா? அது போதுமான அளவு வேலை செய்கிறதா என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். நம் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் மனிதக் காதின் உணர்திறனுக்கு ஏற்ற டெசிபல் அளவையே பயன்படுத்துகின்றன. கதவை ஆட்டும் தாழ்ந்த அதிர்வுகள் அந்த அளவையில் ஏறக்குறைய மறைந்துவிடும்; சட்டப்படி அமைதி நிலவும்போதே ஜன்னல் ஆடிக்கொண்டிருக்கும். ஜப்பான் வாயிலிலிருந்து 20 மீட்டர் தூரத்தில் 20 பாஸ்கல் என்ற இலக்கை வைத்துக்கொண்டது. அதுபோன்ற வரம்பை அரசு அறிவிக்க வேண்டும். சோதனை ஓட்டங்களில் ஒவ்வொரு வாயிலிலும் அளந்து முடிவுகளை வெளியிட வேண்டும். வரம்பைத் தாண்டும் வாயிலில் குறை தீரும்வரை வேகத்தைக் குறைப்பதே நியாயம்.