பாசறையில் பேசும் அலைகள்

பாசறை என்றதும் நம் கண்முன் நிற்பவை முள்வேலியும், காவற்கூண்டும், வாயிலில் துப்பாக்கி ஏந்திய வீரனுமே. இன்று அந்த வேலிக்குள் இன்னொன்றும் குடிபுகுந்திருக்கிறது. அதுதான் ஐந்தாம் தலைமுறைக் கம்பியில்லாத் தொடர்பு; நம் சட்டைப்பைச் செல்போன்கள் பேசும் அதே 5ஜி.

2020 அக்டோபரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 60 கோடி டாலர் ஒதுக்கி, ஐந்து தளங்களில் இதனைச் சோதிக்கப் போவதாக அறிவித்தது. ஜார்ஜியாவின் ஆல்பனியிலும் கலிபோர்னியாவின் சான் டியாகோவிலும் சரக்குக் கிடங்கு வேலை. லூயிஸ்-மெக்கார்டு தளத்தில், மாயக்காட்சி விரிக்கும் கண்ணாடி அணிந்து போர்ப்பயிற்சி. யூட்டாவின் ஹில் விமானப்படைத் தளத்திலோ சிக்கலான வேலை. 3.1 முதல் 3.45 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் விமான ராடாரும் இருக்க வேண்டும், செல்போனும் இருக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்!

கிடங்குக்கு 5ஜி வருவதை நான் குறை கூறேன். பொருளைத் தேடுவதிலேயே பாதிப் பொழுது போகும் இடம் அது. ஆனால் கிடங்கில் வென்றது களத்திலும் வெல்லும் என்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

காரணம் எளிது, நண்பர்களே! செல்போன் வாய்மூடி இருப்பதே இல்லை. நாம் பேசாதபோதும் அது கோபுரத்துக்கு அவ்வப்போது குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. செய்தியை மறையெழுத்தில் பூட்டலாம். அலை கிளம்பும் இடத்தை எந்தப் பூட்டால் மறைப்பது? தன் வாயால் கெட்ட தவளையின் கதைதான்.

2023 பிறந்த நள்ளிரவில், உக்ரைனின் மாகீவ்கா நகரில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தின்மீது ஏவுகணைகள் விழுந்தன. 89 பேர் மாண்டதாக ரஷ்யாவே ஒப்புக்கொண்டது. உக்ரைன் சொன்ன கணக்கு இன்னும் பெரிது. தடையை மீறி வீரர்கள் செல்போன் பயன்படுத்தியதே பகைவருக்கு இடங்காட்டியது என்றது ரஷ்ய இராணுவம். அதிகாரிகள் தம் கவனக்குறைவை மறைக்கச் சொன்ன சாக்கு இது என்று ரஷ்யர்களிலேயே சிலர் முணுமுணுத்தனர். சாக்காகவே இருக்கட்டும், அலை ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது பொய்யாகிவிடுமா? புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல ஆசைப்படாத பிள்ளை எந்தப் படையில் இருக்கிறான்?

ஆகவே 'வினாடிக்கு எத்தனை செய்தி போகும்?' என்று கேட்கும் முன், 'எத்தனை மைலிலிருந்து பகைவன் கேட்பான்?' என்று கேட்டாக வேண்டும் என்பது என் கருத்து. ஐந்தனுள் நான் பெரிதும் மதிப்பது நெவாடாவின் நெல்லிஸ் விமானப்படைத் தளத்து முயற்சியையே. கட்டளை நிலையம் ஓரிடத்தில் நின்றால் அடிபடும் என்றுணர்ந்து, அதனைப் பிரித்து இடம்விட்டு இடம் நகர்த்த 5ஜி உதவுமா என்று பார்ப்பது அதன் நோக்கம். நகரக் கற்றது நல்லதே. நகர்ந்துகொண்டே ஓயாமல் பேசினால், பின்தொடர்ந்து வருபவனுக்கு வழி கேட்கும் வேலையும் மிச்சம்.