எரிந்து தீரும் விளக்குகள்

பிறர் துயர் துடைப்போர் தம் இல்லத்தை மறந்து உழைத்தால், அதனைத் தியாகம் எனப் போற்றுகிறோம். அப்போற்றுதல் முற்றும் சரிதானா?

நியூயார்க் நகரில் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் என்னும் உளவியல் அறிஞர் பகலெல்லாம் தம் தொழிலைக் கவனித்தார். இரவில் ஓர் இலவச மருத்துவமனையில் இளைஞருக்குத் தொண்டாற்றினார். குடும்பத்தோடு விடுமுறைக்குப் புறப்பட வேண்டிய நாளில் அவரால் படுக்கையை விட்டு எழ இயலவில்லை. தம்மிடமும் உடனுழைத்தோரிடமும் கண்ட இந்நிலையை 1974-இல் கட்டுரையாக வரைந்தார். 'எரிந்து தீர்தல்' எனப் பொருள்படும் பெயரையும் அதற்கு இட்டார்.

தீராத களைப்பு, பணியின்மேல் கசப்பு, செய்வதால் பயனில்லை என்னும் சோர்வு ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள் என 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. இது நோயன்று, சீர்செய்யப்படாத பணியழுத்தத்தின் விளைவு என்றும் அது கூறிற்று. எனவே, களைத்தவரை மனவுறுதியற்றவர் எனப் பழித்தல் நீதியாகாது.

அடிபட்ட குழந்தையின் கண்ணீரைப் பகலில் கேட்டுத் திரும்பும் சமூகப் பணியாளருக்கு, மாலையில் தம் குழந்தையின் மழலையைக் கேட்க மனம் ஒருப்படுவதில்லை. உடல் வீட்டில், உள்ளமோ வழக்கில். வீட்டார் அதனை அன்பின்மை எனக் கொள்கின்றனர். பிணக்கு அங்கே பிறக்கிறது.

வீட்டார் சினவாது சிறிது நேரம் ஓய்வு தரட்டும். நிறுவனத்தார் சுமையைத் தாங்குமளவு பகிரட்டும். விடுமுறையை விடுமுறையாகவே விடட்டும். உதவி நாடும் நாமும், இரவில் அவர் கதவைத் தட்டுமுன், விடியும்வரை பொறுக்க இயலுமா என எண்ணுவோம். சுவரை வைத்துத்தானே சித்திரம்!