சீட்டும் பாட்டும்

1909-இல் பமேலா கோல்மன் ஸ்மித் தீட்டிய டாரட் கட்டில் 16-ஆம் சீட்டு 'கோபுரம்'. மின்னல் தாக்குகிறது, மகுடம் சரிகிறது, மாந்தர் இருவர் தலைகீழாய் வீழ்கின்றனர். ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் ஹம்ப்டி டம்ப்டியும் மதிலினின்று வீழ்கிறான். அங்கும் வீழ்ச்சி, இங்கும் வீழ்ச்சி. ஆகவே உடைந்தது ஒட்டாது, உமது வாழ்விலும் இடி விழும் என்று பொருள் விரிக்கின்றனர், சீட்டு விரிப்போர்!

கேட்கிறோம்: அந்தப் பாட்டு யாது? விடுகதை! விடை, முட்டை. ஒரே விடை, சிறுவன் சொன்னால் சரியா தவறா என்று சொல்லிவிடலாம். சீட்டுக்கோ விடை ஆயிரம்! வேலை போனால் கோபுரம். மணம் முறிந்தால் கோபுரம். ஏதும் நேராவிடின், இடிந்தது உள்ளம் என்பர். எதற்கும் பொருந்தும் சொல், எதையும் உரைக்காத சொல்லன்றோ?

15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் டாரட் வெறும் சீட்டாட்டம். அதை எகிப்திய ஞானநூல் என்று 1781-இல் ஏற்றிப் போற்றினார், பிரெஞ்சு நாட்டுக் கூர் த ழெப்லென். எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரைச் சாம்போலியன் அவிழ்த்ததோ 1822-இல்! எழுத்தே புரியாத காலத்தில் ஏட்டுக்குப் பொருள் கண்டனராம்!

பாட்டைக் கேட்கும் குழந்தை சிரிக்கிறது. சீட்டைக் காணும் பெரியவரோ காசும் கொடுத்துக் கலங்குகிறார். மதிலிலிருந்து விழுந்து முட்டை உடையட்டும். மதி உடைய விடலாமோ?