கொட்டிலின் தரைக்குச் சிக்கனம், தண்ணீருக்கு வேண்டாம்

மடவளையில் வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டில் போட்டு வெல்டிங், தளபாட வேலை தொடங்க நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, தரைக்கு எத்தனை மூடை சீமெந்து என்பதைத்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கொட்டில் முழுவதும் நான்கு அங்குலக் கனத்தில் கொங்கிரீட் போட்டால் ஏழு மூடை வேண்டும். மணல், சல்லி, மேசன் கூலி வேறு. கையிலுள்ள முதல் தரையிலேயே முடிந்துவிடும்.

ஹாட்வெயார் கடைக்காரன் சொல்லக்கூடாத பேச்சு இது, ஆனாலும் சொல்கிறேன். மேல் மண்ணை அரையடி அகற்றுங்கள். ஓரத்துக்குக் கருங்கல் அடுக்கி, உள்ளே கிரவல் கொட்டி, நனைத்து, நன்றாக இடியுங்கள். தூண்களின் அடியிலும், மெஷின் நிற்கும் நாலுக்கு நாலு அடியிலும் மட்டும் கொங்கிரீட் போதும். மெஷின் தளத்துக்கு ஒரு மூடைதான் செல்லும்.

ஆனால் நமது ஊர் மலைச்சாய்வு. தரையைச் சமமாக்க மேட்டை நெட்டுக்குத்தாக வெட்டுவதும், அந்த மண்ணைக் கீழ்ப்புறம் கொட்டி அதன்மேல் கட்டுவதும் ஆபத்து. 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் கண்டி மாவட்டத்தில் மலை சரிந்து உயிர்கள் போனதை மறக்க முடியுமா? சாய்வான காணியானால் பாத்ததும்பர பிரதேச சபையிலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலும் விசாரித்த பின்பே மண்ணில் கை வையுங்கள்.

சீமெந்தில் மிச்சமாகும் காசில் முதலில் மேற்புறம் ஒரு கான் வெட்டுங்கள். அந்தத் தண்ணீர் கீழ் வீட்டாரின் மதிலில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.