இரைச்சலை அழிக்காதீங்க, முதல்ல அது எங்கிருந்து வருதுன்னு பாருங்க

1/ உங்க வீட்டுல பழைய கச்சேரி சிடி இருக்கா? அட்டையில "டிஜிட்டல் முறையில் சுத்தம் செய்யப்பட்டது"ன்னு போட்டிருக்கா? அப்போ இந்த இழை உங்களுக்குத்தான். நான் டாக்டர், சவுண்ட் இன்ஜினியர் இல்ல. ஆனா சத்தத்தைக் கேட்டு நோயைக் கண்டுபிடிக்கறது என் தொழில். அந்த உரிமையில பேசறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ என் கட்சி இதுதான். கர்நாடக இசைப் பதிவுகள்ல "இரைச்சல் நீக்கம்"ங்கிற பேர்ல இன்னிக்கு நடக்கறதுல பெரும்பங்கு வைத்தியமே இல்ல. காய்ச்சல்னு வந்தவனுக்கு ஏன் காய்ச்சல்னு பார்க்காம மூணு நாள் ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுக்கற வேலை.

3/ ஸ்டெதஸ்கோப் 1816-ல லேனெக் கண்டுபிடிச்சது. இருநூறு வருஷமா அதை வச்சு நாங்க என்ன பண்றோம்? "லப்-டப்"னு சீரா கேக்கற சத்தத்துக்கு நடுவுல ஒரு "உஸ்ஸ்" கேக்குதான்னு தேடறோம். அந்த "உஸ்ஸ்"தான் வால்வு கெட்டுப்போன செய்தி. அதை இரைச்சல்னு நினைச்சு வடிகட்டிட்டா காதுக்கு இதமா இருக்கும், பேஷண்ட் போயிடுவார்.

4/ பதிவுல வர்ற ஒவ்வொரு அசிங்கமான சத்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு. காரணத்தைப் பொறுத்துதான் மருந்து. எங்க பாடத்துல சொல்ற வரிசையே இங்கயும்: முதல்ல வரலாறு கேளு, அப்புறம் பரிசோதனை, கடைசியில கத்தி.

5/ முதல் கேள்வி: நோய் சிடியிலயா, பதிவுலயா? அதே சிடியை வேற பிளேயர்ல போடுங்க. அதே இடத்துல, அதே சத்தம், அச்சு அசலா வந்தா அது பெரும்பாலும் பதிவுலயே இருக்கு. இடம் மாறினாலோ, ஒருதரம் வந்து ஒருதரம் வராம போனாலோ, தட்டையோ பிளேயரோட லென்ஸையோ சந்தேகப்படுங்க.

6/ சிடிக்குள்ளயே பிழைதிருத்தும் ஏற்பாடு இருக்கு. ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் போனாலும் மிச்சத்தை வச்சு முழுசா மீட்டுடும். அதனால சின்னக் கீறலுக்குப் பயப்பட வேண்டாம். துடைக்கும்போது வட்டமா துடைக்காதீங்க, நடுவுலேர்ந்து விளிம்புக்கு நேர்கோடா துடைங்க. வட்டக் கீறல் பாதையோடயே ஓடும், அதைத் திருத்தறது கஷ்டம்.

7/ இன்னொண்ணு. எல்லாரும் பளபளன்னு இருக்கற பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைக்கறாங்க. அலுமினியப் படலம் இருக்கறது பேர் எழுதியிருக்கற பக்கத்துக்குச் சரி கீழே, மெல்லிய பூச்சுக்கு அடியில. அங்க பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி "மதுரை மணி, மயிலாப்பூர்"னு எழுதினீங்கன்னா அது ஆபரேஷன் மாதிரி, திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

8/ சரி, தட்டு நல்லா இருக்கு. நோய் பதிவுலதான். இப்போ நாடி பிடிங்க. "டிக்... டிக்..."னு ஒரே சீரா வருதா? கடிகாரத்தைப் பாருங்க. 0.77 நொடிக்கு ஒண்ணுன்னா நிமிஷத்துக்கு 78, அதாவது பழைய அரக்கு இசைத்தட்டுல ஒரு கீறல். 1.8 நொடிக்கு ஒண்ணுன்னா எல்பி. ஆரோக்கியமான மனுஷ நாடியும் 78 ஓடலாம், ஞாபகம் வச்சுக்க சுலபம்.

9/ சீரா வர்ற டிக்கை ஒவ்வொண்ணா கையாலேயே எடுக்கலாம். ஆனா நேரம் ஆகும், அதனால யாரும் பண்றதில்ல. மொத்தப் பாட்டையும் மென்பொருள்ல போட்டு "கிளிக் நீக்கு" பட்டனை அமுக்கறாங்க. மென்பொருளுக்கு என்ன தெரியும்? திடீர்னு கூர்மையா எழும்பி அடங்கற எதுவும் அதுக்குக் கிளிக்தான். மிருதங்கத்துல விழற சாப்பு? கஞ்சிராவோட சலங்கை? ஜால்ரா? அதுவும் கூர்மையாத்தானே எழும்புது! முனை மழுங்கி, தலையணையைத் தட்டற மாதிரி ஆயிடும்.

10/ அடுத்தது "ம்ம்ம்"னு அடியில ஓடற ஹம். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில 60. ஹம்மை அளக்கக் கம்ப்யூட்டர்ல இலவச மென்பொருளே போதும். சரியான வேகத்துல இருக்கற பதிவுல 60 இருந்தா, அமெரிக்கா மாதிரி ஒரு ஊர்ல பதிஞ்சது, இல்ல அங்க பிரதி எடுத்தது. பாருங்க, இரைச்சல் சாட்சி சொல்லுது.

11/ இதைவிட முக்கியமான சாட்சி ஒண்ணு. தி.நகர்லயோ மயிலாப்பூர்லயோ ஒரு சபாவுல ஸ்பூல் டேப்புல பதிஞ்ச கச்சேரி, அதோட பிறந்த ஹம் 53-ல இருக்குன்னு வச்சுக்கோங்க. நம்ம மின்சாரம் அந்தக் காலத்துல கொஞ்சம் முன்னே பின்னே போனதுண்டு, 53 வரை போகாது. அப்போ என்ன அர்த்தம்? டேப் 6 சதவீதம் வேகமா ஓடுது. சுருதி அரைக் கட்டை ஏறியிருக்கு.

12/ வித்வான் 2 கட்டையில பாடினது இரண்டரைக் கட்டையா கேக்கும். பிருகா எல்லாம் பறக்கும். "அடேயப்பா, அந்தக் காலத்துல என்ன வேகம்!"னு இளசுங்க அதைப் பார்த்து சாதகம் பண்ணும். அந்த 53-ஐ முதல்லயே அழிச்சுட்டா, சுருதி தப்புன்னு நிரூபிக்கற கையிலிருந்த ஆதாரமும் போச்சு.

13/ இப்போ பெரிய குற்றத்துக்கு வர்றேன். டேப்புல "ஸ்ஸ்ஸ்"னு இரையுமே, அதை எடுக்கற முறை என்ன? பாட்டு இல்லாத ஒரு இடத்தை மாதிரியா எடுத்து, "இதுதான் இரைச்சல், இதை எல்லா இடத்துலேர்ந்தும் கழி"ன்னு மென்பொருளுக்குச் சொல்லணும். மேற்கத்திய இசையில நிசப்தமான இடம் கிடைக்கும். நம்ம கச்சேரியில எங்க கிடைக்கும், சொல்லுங்க?

14/ கிடைக்கவே கிடைக்காது. ஏன்னா பாடகர் மூச்சு வாங்கும்போதும், வயலின் ஓயும்போதும், தம்பூரா ஓடிக்கிட்டேதான் இருக்கும். அந்த இடத்தை "நிசப்தம்"னு எடுத்தா நீங்க கழிக்கறது டேப் இரைச்சலை மட்டும் இல்ல, தம்பூராவையும் சேர்த்து!

15/ தம்பூரா மேருவுல தந்திக்கு அடியில ஒரு நூல் வைப்பாங்க. அதை நகர்த்தி நகர்த்தி அந்த ரீங்காரத்தை வரவழைப்பாங்க. அந்த நூலுக்குப் பேரே ஜீவா. நம்ம ஆளுங்க கம்ப்யூட்டர் வச்சு எடுக்கறது அந்த ஜீவனைத்தான். மிச்சம் இருக்கறது பாட்டோட உடம்பு. கூடவே தண்ணிக்குள்ள குமிழி விடற மாதிரி ஒரு "குளுகுளு" சத்தம் வரும், கேட்டிருப்பீங்க. அது பழைய பதிவோட குறை இல்ல, சுத்தம் பண்ணினதால வந்த புது நோய். பக்கவிளைவு!

16/ "டாக்டர், நாங்க கேட்டோமே, நல்லாத்தானே இருக்கு?"ங்கறீங்களா? கேட்டது யாரு? வயசாக ஆக முதல்ல போறது மேல்ஸ்தாயிக் கேள்வித்திறன். எழுபது வயசுல பலருக்கு 8000 ஹெர்ட்ஸுக்கு மேல சரியா கேக்கறதில்ல. சிடி கிட்டத்தட்ட 20,000 வரைக்கும் சத்தத்தைத் தாங்கும்.

17/ இந்தப் பதிவுகளைச் சேர்த்து வச்சதும், நல்லா இருக்குன்னு தலையாட்டறதும் பெரும்பாலும் மூத்த ரசிகர்கள். அவங்க ஞானத்துல எனக்குச் சந்தேகமே இல்ல, அந்த ஞானத்துக்கு முன்னாடி கை கட்டி நிக்கறேன். ஆனா மேல்ஸ்தாயியில போனதை அந்தக் காது சொல்லாது. வீட்டுல பன்னிரண்டு வயசுப் பேத்தி இருந்தா, சுத்தம் பண்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் போட்டுக் காட்டிக் கேளுங்க. "தாத்தா, இதுல என்னமோ காணோம்"னு சொல்லும்.

18/ இன்னொரு கொடுமை: சபையோட சத்தத்தையும் வெட்டறது. முன்வரிசையிலேர்ந்து வர்ற "பலே", தொடையில விழற தாளம், மிருதங்கக்காரரைப் பார்த்து வித்வான் மெதுவா சொல்ற ஒரு வார்த்தை, வெளியில காக்கா, கோயில் மணி. இதெல்லாம் அழுக்கா? எந்த சங்கதிக்கு யார் "ஆஹா" சொன்னாங்கங்கறது இசை வரலாறு சார். அரியக்குடி 1967-ல போயிட்டார், மதுரை மணி 1968-ல. அந்தக் கூட்டத்தைத் திரும்பக் கூட்ட முடியுமா?

19/ "அப்போ இரைச்சலோடயே கேட்டுச் சாகணுமா?"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். இல்ல. நான் ஆபரேஷனுக்கு எதிரி இல்ல, காரணம் தெரியாத ஆபரேஷனுக்குத்தான் எதிரி. 50 ஹெர்ட்ஸ் ஹம்மை அந்த இடத்துல மட்டும் மெலிசா வெட்டலாம். 78 தட்டுல மேல்ஸ்தாயியில இசையே கொஞ்சம்தான் இருக்கும், அங்க இரைச்சலைக் குறைச்சா நஷ்டம் கம்மி. ஆனா நல்லா பதிஞ்ச அறுபது, எழுபதுகளோட ஸ்பூல் டேப்புல அதே கத்தியை வைக்காதீங்க.

20/ மந்தமா கேக்கற கேசட் எல்லாம் கிழடு தட்டிப்போனது இல்ல. பாதி நேரம் டெக்கோட ஹெட் கோணம் தப்பா இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால ஒரு இழை திருப்பினா குரல் முன்னாடி வந்து உக்காரும். ஆளே பக்கத்துல இல்லாம, பாடறதுக்கு ஒரு நொடி முன்னாடி அதே வரி பேய் மாதிரி லேசா கேக்குதா? சுருட்டின டேப்புல ஒரு சுற்று பக்கத்துச் சுற்றுமேல பதிஞ்சிருக்கு. அதுக்கு எந்தப் பட்டனும் இல்ல. ஆனா தெரிஞ்சா பயம் போயிடும்.

21/ உயிர்நாடியான விஷயம் இதுதான்: மூலத்தைத் தூக்கிப் போடாதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், கச்சேரி டேப்பை மாத்தக் குடுத்த கடையில கேட்ட கேள்வி: "சிடி ரெடி சார், டேப்பைக் குப்பையில போட்டுடவா?" எக்ஸ்ரே எடுத்தாச்சுன்னு காலை வெட்டி எறியற கதை! வீட்டுல எரிச்ச சிடி அதைவிடச் சீக்கிரமே போகலாம். அதுல இருக்கறது அச்சுக் குழி இல்ல, சாயம். வெயிலும் சூடும் பட்டா வெளிறிடும்.

22/ உலக அளவில ஒலி ஆவணக் காப்பகங்களோட சங்கமான ஐயாசா வகுத்த நெறி எளிமையானது: முதல் பிரதியில எந்தச் சுத்தமும் கூடாது, உள்ளது உள்ளபடி, 24 பிட், முடிஞ்சா 96 கிலோஹெர்ட்ஸ். சுத்தம் பண்ணணும்னா அதோட நகல்ல பண்ணிக்கோ. நாங்க கேஸ் ஷீட்டுல அடிச்சுத் திருத்தக் கூடாதுங்கற விதி மாதிரியேதான்.

23/ அதனால கடைக்காரர்கிட்ட மூணு விஷயம் கண்டிப்பா சொல்லுங்க. ஒண்ணு, சுத்தம் பண்ணாத பிரதி முதல்ல என் கையில வரணும். ரெண்டு, என்ன பண்ணீங்கன்னு எழுதிக் குடுக்கணும். மூணு, டேப் எனக்குத் திரும்ப வேணும். "அதெல்லாம் செய்யறதில்ல சார்"னா வேற கடை பாருங்க. வெள்ளையா பூஞ்சை பூத்த டேப்பை மட்டும் வீட்டு டெக்ல ஓட்டிப் பார்க்காதீங்க, டேப்பும் போகும், டெக்கும் போகும், உங்க நுரையீரலுக்கும் நல்லதில்ல.

24/ வெளியிடற கம்பெனிகளுக்கு ஒரே வார்த்தை. மருந்து அட்டையில உள்ளே என்ன இருக்குன்னு போடணும்னு சட்டம் இருக்கு. சிடி அட்டையில எந்தப் பதிவுலேர்ந்து எடுத்தது, சுருதி சரிபார்த்ததா, எதை நீக்கினதுன்னு நாலு வரி போட என்ன கேடு? "தெளிவான ஒலி"ன்னு போட இடம் இருக்கு, இதுக்கு இல்லையா?

25/ மயிலாப்பூர், அடையார் பீரோக்கள்ல இன்னும் யாரும் கேக்காத டேப்புகள் இருக்கு. மெட்ராஸ் ஈரக்காத்துல ஒவ்வொரு மழைக்காலமும் அதுங்க ஆயுசைக் குறைக்குது. இன்னிக்கே வெளியில எடுங்க, பேரும் தேதியும் எழுதி வைங்க, ஒரு நல்ல பிரதி எடுங்க. இரைச்சலோட இருக்கட்டும். நாளைக்கு நம்மைவிட நல்ல மருந்து வரும். அப்போ வைத்தியம் பார்க்க பேஷண்ட் உயிரோட இருக்கணும், அவ்வளவுதான்.