1729-ஐ கொஞ்ச நாள் விடுவோமா?

ராமானுஜன் என்றாலே 1729, டாக்சி, நாமகிரித் தாயார். போதுமே, நண்பர்களே! எனக்குப் பிடித்த எண் 67,46,32,83,88,800.

எங்க உடன்குடியில் இத்தனை கருப்பட்டி இருந்தால், மிச்சமே விழாமல் 10,080 விதமாகப் பங்கு போடலாம். அதாவது அதற்கு 10,080 காரணிகள். அதைவிடச் சின்ன எண் எதற்கும் அத்தனை கிடையாது.

இப்படிப்பட்ட எண்களை வரிசையாகக் கண்டுபிடித்து 1915-ல் ராமானுஜன் வெளியிட்ட பட்டியலில் இதுதான் கடைசி. நடுவில் ஒன்று மட்டும் விட்டுப்போச்சு: 2,93,31,86,25,600. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்க, அந்தக் கடைசி எண்ணே வரும்!

சாமி கனவில் சொன்ன பட்டியலாக இருந்தால் ஒன்று விட்டுப்போகுமா? உட்கார்ந்து கணக்குப் போட்டவருக்குத்தான் அப்படி ஆகும். அதிசயக் கதையை விட இந்த உழைப்பைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?