ஆளறிந்தே பாய்கிறது

பிறவியிலேயே வாய்த்த நோய் எதிர்ப்பு எந்தக் கிருமியையும் ஆளறியாமல் அடிக்கும், இனம்பிரித்து அறிவது டி செல், பி செல்களின் வேலை என்று பலரும் சொல்லி வருகிறார்கள். பாக்டீரியாவின் லிப்போபெப்டைடு (கொழுப்புச் சங்கிலி கொண்ட புரதத் துண்டு) ஒன்றை எடுத்துக்கொண்டாலே இந்த வாதம் நிற்காது.

'எந்தக் கிருமியானாலும் அதற்கு ஒன்றுதான்' என்கிறார்கள். ஈ.கோலையின் லிப்போபுரத முனையில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் உண்டு. மைக்கோபிளாஸ்மாவில் பெரும்பாலும் இரண்டுதான். கிருமியை விழுங்கும் செல்லான மேக்ரோபேஜின் சவ்வில் இருக்கும் டிஎல்ஆர்2 என்ற ஏற்பி, மூன்று சங்கிலி வந்தால் டிஎல்ஆர்1-உடனும், இரண்டு வந்தால் டிஎல்ஆர்6-உடனும் ஜோடி சேர்கிறது. 2007-இல் தென்கொரியாவின் ஜீ-ஓ லீ குழு டிஎல்ஆர்1-உடனான ஜோடியைப் படிக அமைப்பாகவே காட்டியது. இரண்டு சங்கிலிகள் டிஎல்ஆர்2-இன் குழிக்குள் இறங்குகின்றன. மூன்றாவது, டிஎல்ஆர்1-இல் உள்ள ஒரு குறுகிய வழிக்குள் நுழைகிறது. டிஎல்ஆர்6-இல் அந்த வழியை இரண்டு பினைல்அலனின்கள் அடைத்து நிற்கின்றன. 2009-இல் அவ்விரண்டையும் மாற்றிப் பார்த்தார்கள். டிஎல்ஆர்6 மூன்று சங்கிலிக்கும் பதில் கொடுத்தது! இரண்டே அமினோ அமிலங்கள் காக்கும் இந்த வேறுபாட்டை எப்படி 'ஆளறியாமை' என்பது?

'பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடுக்கும் டிஎல்ஆர்2 துள்ளுகிறதே' என்று 1998-இல் வந்த ஆய்வுகளைக் காட்டலாம். 2000-இல் அந்தப் பொருளை மீண்டும் சுத்திகரித்துச் சோதித்தபோது டிஎல்ஆர்2 அசையவில்லை. முன்பு துள்ளவைத்தது அதில் கலந்திருந்த லிப்போபுரதம். லிப்போபாலிசாக்கரைடை உணர்வது டிஎல்ஆர்4. ஆய்வுக்கூடம் கவனிக்காத கலப்படத்தைச் செல் கண்டுகொண்டிருக்கிறது.

'அழற்சியை மூட்டுவதோடு இந்த ஏற்பிகளின் வேலை முடிந்தது' என்பதும் தவறு. லைம் நோய்த் தடுப்பூசியில் இருந்த ஓஎஸ்பிஏ ஒரு லிப்போபுரதம். ஊசி போட்டும் எதிர்ப்பொருள் சரியாக உருவாகாத சிலரின் மேக்ரோபேஜ்களில் டிஎல்ஆர்1 குறைவாக இருந்ததை 2002-இல் கண்டார்கள். டிஎல்ஆர்1 அல்லது டிஎல்ஆர்2 இல்லாத எலிகளும் அப்படியே தடுமாறின. எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்லின் பதிலே இந்த முதல் அடையாளத்தை நம்பியிருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஏற்பிகள் மரபணுவில் எழுதப்பட்டவை. எதிர்ப்பொருளைப்போல நாளுக்கொரு புது வடிவம் எடுக்காது. கிருமியின் பெயரையும் சொல்லாது, வகையைத்தான் சொல்லும். அதற்காக 'குறிப்பற்றது' என்று தள்ளிவிட முடியாது. ஆசிரியர்களே, அடுத்த முறை இந்தப் பாடத்துக்கு வரும்போது அந்த ஒரு சொல்லைத் திருத்திச் சொல்லிக்கொடுங்கள்.